விமான இடைவேளையில் அனந்தபுரத்தான் தரிசனம்

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை ஆண்டுக்கு இரண்டு நாள்கள் மாலைவேளையில் மூடப்படும். மழையோ புயலோ அதற்குக் காரணமன்று. பங்குனி, ஐப்பசி உற்சவங்களின் நிறைவு நாளில் ஸ்ரீபத்மநாப சுவாமி சங்குமுகம் கடலுக்கு ஆராட்டுக்காக எழுந்தருளும் வழி அந்த ஓடுபாதையைக் கடந்தே செல்கிறது. கருட வாகனத்தில் பத்மநாபரும், உடன் நரசிம்மரும் கிருஷ்ணரும் எழுந்தருள, அரச குடும்பத்தின் தலைவர் உடைவாள் ஏந்தி உடன் நடப்பார். விமான நிலையம் அங்கு வந்தது 1932-இல். ஆராட்டு வழி அதற்கு முற்பட்டது. எனவே, அந்நாள்களில் சுமார் ஐந்து மணி நேரம் விமானங்களே பெருமாளுக்கு வழிவிட்டுக் காத்திருக்கின்றன.

மற்ற நாள்களில் காத்திருப்பவர்கள் பயணிகள். வளைகுடா நாடுகளில் வாழும் மகனையோ மகளையோ காணச் செல்லும் பெரியவர்கள் இங்கே விமானம் மாறுவதுண்டு. நடுவே கிடைக்கும் ஆறேழு மணி நேரம் பெரும்பாலும் நாற்காலியில் கண்ணயர்வதிலேயே கழிந்துவிடுகிறது. திருக்கோயிலோ ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம்மாழ்வார் பதினொரு பாசுரங்களால் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம் அது. மறுமுறை இவ்வழி வருவோமா என்று உறுதியாகச் சொல்ல இயலாத வயதில், அதை இவ்வளவு அருகில் விட்டுச் செல்வது மனத்தை உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. நேரக் கணக்கு வேண்டும். விமானத்தை விட்டிறங்கிப் பெட்டிகளைப் பெற்று வெளியே வர முக்கால் மணி, வாடகைக் காரில் கிழக்குக் கோட்டையை அடைய அரை மணி, உடை மாற்றிப் பொருள்களை ஒப்படைக்கக் கால் மணி, வரிசையும் தரிசனமுமாக ஒன்றரை மணி, திரும்ப அரை மணி. ஆக மூன்றரை மணி நேரம். உள்நாட்டு விமானமானால் புறப்பாட்டுக்கு இரண்டு மணி முன்னதாகவும், வெளிநாட்டு விமானமானால் மூன்று மணி முன்னதாகவும் நிலையத்தில் இருக்க வேண்டும். அதனால் முன்னதற்கு ஐந்தரை மணியும், பின்னதற்கு ஆறரை மணியும் இடைவெளி இருந்தால்தான் துணியலாம். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவர்கள் குடியேற்ற, சுங்கச் சோதனைகளுக்கும் நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இக்கணக்கையும் கவிழ்த்துவிடக்கூடியது நடையடைப்பு. நண்பகலில் சாத்தப்படும் நடை மாலை ஐந்து மணியளவில்தான் திறக்கிறது. காலையிலும் பூஜைகளுக்காக இடையிடையே தரிசனம் நிறுத்தப்படும். காலை ஒன்பது மணிக்குள் இறங்குபவருக்கு முற்பகல் தரிசனம் வாய்க்கும். பதினொரு மணிக்கு இறங்குபவர் மாலை வரை காத்திருக்க இயலாதெனில், அன்று புறப்படாமலிருப்பதே நல்லது. உற்சவ நாள்களில் நேரங்கள் மாறுவதால், பயணத்துக்கு முன்பே விசாரித்து அறிவது அவசியம்.

ஆடவருக்கு வேட்டி மட்டுமே. மேலுடம்பில் சட்டை கூடாது. பெண்களுக்குப் புடவை உத்தமம். வேட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை விமான நிறுவனத்தாரிடம் நேரே சேருமிடத்துக்கு அனுப்பிவிட்டு, கோயில் வாசலில் புதுவேட்டி வாங்குவோர் உண்டு. வேட்டியும் வேளை தவறக்கூடாத மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும். கைபேசிக்கும் பைகளுக்கும் உள்ளே அனுமதியில்லை; வெளியே ஒப்படைக்க வசதி உண்டு. 2011-இல் நிலவறைகள் திறக்கப்பட்டு, பெட்டகங்களையே பார்த்துப் பழகியவர்களையும் திகைக்கவைத்த செல்வம் வெளிப்பட்ட பிறகு காவல் பலமாகியிருக்கிறது. கிழக்கு வாசலில் படிகளும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறுவதற்கும் சில நிமிடங்களை ஒதுக்கிக்கொள்ளலாம்.

உள்ளே சென்றபின் கடிகாரத்தை மறந்துவிடலாம். ஏழு நிலைக் கோபுரத்தைக் கடந்து, கல்தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட பிராகாரத்தின் வழியே சந்நிதியை அடையும்போது மூன்று வாசல்கள் எதிர்ப்படும். பதினெட்டு அடி நீளத்தில் அனந்தன்மேல் பள்ளிகொண்ட திருமேனியை ஒரே பார்வையில் சேவிக்க இயலாது. முதல் வாசலில் திருமுகமும், தொங்கும் வலக்கரத்தின்கீழ்ச் சிவலிங்கமும், நடு வாசலில் நாபிக் கமலத்தில் பிரம்மாவும், உற்சவ மூர்த்திகளும், மூன்றாவதில் திருவடிகள். உள்ளே விளக்கொளி மட்டுமே என்பதால், முதுமையின் கண்கள் அவ்விருளுக்குப் பழகச் சற்று நேரமாகும். கூட்டம் பின்னின்று நகர்த்தினாலும் முதல் வாசலில் அவசரப்படாமலிருப்பது நல்லது.

கண்டகி நதியின் 12,008 சாளக்கிராமங்களையும் கடுசர்க்கரை என்னும் கலவையையும் கொண்டு அமைந்த திருமேனி இது. ஆதலால் மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை. சார்த்திய மலர்களையும் மயிற்பீலியால்தான் களைகிறார்கள். எதிரே உள்ள ஒற்றைக்கல் மண்டபம் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் திருமலைக் குன்றிலிருந்து கொண்டுவந்த ஒரே பாறை. நீள அகலம் சுமார் இருபது அடி, கனம் இரண்டரை அடி. அதன்மேல் விழுந்து வணங்குபவரின் உடைமை அனைத்தும் பெருமாளுக்கே ஆகிவிடும் என்பது ஐதிகம். அதனால் அரசர் ஒருவருக்கே அங்கு நமஸ்கரிக்கும் உரிமை. 1750-இல் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்து, அவனுடைய தாசனாக ஆண்டவரும் அந்த மார்த்தாண்ட வர்மாதான். அங்கே நின்றபடி கைகூப்புவதே நமக்கு முறை.

வெளியே வந்ததும் நேரம் பார்க்க மேத்தன் மணி இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் தாடிக்காரர் வாய் திறக்க, இரு ஆட்டுக்கடாக்கள் அவர் கன்னங்களில் முட்டும். குழந்தைகளைப் போலவே பெரியவர்களும் அதற்காக நின்று பார்ப்பதுண்டு. நேரம் மிஞ்சினால் நடைதூரத்திலுள்ள பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கலாம். சற்றுத் தள்ளி ஆற்றுகால் பகவதி கோயில் உண்டு. மதுரையை நீங்கிய கண்ணகி இளைப்பாறிய இடம் என்று அங்குள்ளோர் நம்புகின்றனர். இரண்டையும் ஒரே இடைவேளையில் அடக்க முயல்வது வீண் பதற்றம்.

திரும்பும்போது ஓட்டுநரிடம் முனையத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சங்குமுகத்தில் உள்ள முனையமும் சாக்கையில் உள்ள முனையமும் ஓடுபாதையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. தவறான வாசலில் இறங்கினால் சுற்றிவர வேண்டியிருக்கும். சீட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் சொல்வது நலம்.

நடை சாத்தியிருக்கும் நேரத்தில் வந்திறங்கி, மாலைக்குமுன் புறப்பட வேண்டியவர்களுக்குச் சங்குமுகம் கடற்கரை இருக்கிறது. அங்குள்ள முனையத்திலிருந்து அது மிக அருகில். பெருமாள் ஆராட்டு கண்டருளும் அந்த அலைகளில் காலை நனைத்து, கோயில் இருக்கும் கிழக்குத் திசை நோக்கி வணங்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் நிலையத்துக்குத் திரும்பிவிடலாம்.