யோபு வாய் திறந்தபோது

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் நோயாளியைப் பார்க்கப் போவதற்கென்றே ஒரு முறை உண்டு. ஹார்லிக்ஸ், ஆப்பிள், கையில் வேதாகமம். நலம் விசாரித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் யோபுவை இழுத்துவிடுவார். "யோபு எவ்வளவு பொறுமையா இருந்தார்! ஸ்தோத்திரம் சொல்லுங்கக்கா." அதுவரை முனகிக்கொண்டிருந்த அக்கா வாயை மூடிக்கொள்வார். வந்தவர்களுக்கும் நிம்மதி.

யோபுவின் புத்தகத்தில் மொத்தம் 42 அதிகாரங்கள். மாடும் ஒட்டகமும் பிள்ளைகளும் போய், உடம்பெல்லாம் பருக்களாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொள்ளும் அந்த மனிதர் அடங்கியிருப்பது முதல் இரண்டு அதிகாரங்களில் மட்டும்தான். மூன்றாவதில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். பிறகு புலம்பல், கேள்வி, ஆண்டவரையே வழக்குக்கு அழைக்கும் துணிச்சல். நம் பிரசங்கங்களோ இரண்டாம் அதிகாரத்திலிருந்து கடைசி அதிகாரத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன. இரட்டிப்பான ஆஸ்தி அங்கேதானே இருக்கிறது! ஆனால் அதே அதிகாரத்தில் ஆண்டவருக்குக் கோபம் வருவது, யோபுவுக்குப் புத்தி சொன்ன நண்பர்கள்மேல். யாக்கோபின் நிருபம் பொறுமைக்கு யோபுவைக் காட்டும்போது இத்தனை சண்டையையும் சேர்த்துத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு ஆத்திரத்திலும் அவர் ஆண்டவரோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்து டோனாவூரில் பிள்ளைகளோடு ஓடியாடித் திரிந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேலும் இந்த வேதனையை அறிந்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தார். வயது 63. அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறையும் கட்டிலும்தான். அவருக்கு அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! சுகமாக இருப்பவர்கள் படுத்திருப்பவர்களுக்கு எழுதும் ஆறுதல் புத்தகங்கள் அவருக்கு ஒட்டவில்லை. ஆகவே கட்டிலில் இருந்தபடி தாமே எழுதினார். 1933இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்', ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள். வலி தெரிந்த கை எழுதியது.

யோபுவின் நண்பர்களையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வந்த புதிதில் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நம்மில் யார் அப்படி இருக்கிறோம்? பார்வை நேரம் முடியுமுன் ஜெபத்தையும் முடித்துவிடுகிறோம். யோபு வாய் திறந்த பிறகுதான் அவர்களுக்குப் பொறுமை போயிற்று. சோதனையில் பொறுமை படிக்க வேண்டியவர் கட்டிலில் கிடப்பவர் மட்டும்தானா?

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த என் பெரியம்மாவைப் பார்க்க உபதேசியார் வந்தார். வந்ததும் வேதத்தைத் திறந்தார்.

"ஜெபம் பொறவு பண்ணலாம் உபதேசியாரே. ராத்திரி பூரா நான் பட்ட பாட்ட மொதல்ல கேளும்."

அவர் வேதத்தை மூடிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரியம்மா நர்ஸில் ஆரம்பித்து ஆண்டவர்வரை ஒருவரையும் விடவில்லை. உபதேசியார் இடையில் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் ஜெபத்தையும் பெரியம்மாவேதான் செய்தார்கள், கொஞ்சம் நீளமாகவே.