அத்தாவின் அம்பாசிடரும் நான்கு வாரிசுகளும்



எங்கள் அத்தா வஃபாத்தானபின் அவர் விட்டுச்சென்றவற்றுள் பிரிக்க முடியாமல் எஞ்சியது ஓர் அம்பாசிடர் கார். அம்மா, ஆண் மக்கள் இருவர், ஒரு சகோதரி என வாரிசுகள் நால்வர். நிலத்தை அளந்து பிரிக்கலாம். காரை எப்படிப் பிரிப்பது? விற்றுவிடலாம் என்றார் சவூதியிலிருக்கும் தம்பி. அம்மாவுக்கோ முழங்கால் வலி. அந்தக் காரின் உயர்ந்த இருக்கையில்தான் அவரால் சிரமமின்றி ஏறி இறங்க முடிகிறது. ஆகவே நால்வரும் மனமொப்பி அதைக் கூட்டுச் சொத்தாகவே வைத்துக்கொண்டோம்.

சென்ற கோடையில் முகப்பு விளக்கைப் போட்டால் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வரத் தொடங்கியது. காட்டிய முதல் பட்டறையில், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள். 1957இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கி 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டுதான். ஆனால் எஞ்சினும் பாடியும் நலமாயிருக்க, வயருக்காக வண்டியை உடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. போளூர் சாலைப் பக்கம் நெடுங்காலமாகத் தொழில் செய்யும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்து, விடுமுறை நாட்களில் அவருடன் அமர்ந்தோம்.

வயரிங்கைப் பிரித்துப் பார்த்தபோது வயர்களின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. கெட்டிருந்தவை முனைகள். அம்பாசிடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்தது. அக்காலத்து லூகாஸ் முறைப்படி, துப்பாக்கித் தோட்டா வடிவிலான சிறு பித்தளை முனைகளை ஒரு குழலுக்குள் இருபுறமும் செருகி இணைப்பார்கள். புல்லட் கனெக்டர் என்பது அதன் பெயர். ஈரமும் காற்றும் புகுந்து பித்தளையில் களிம்பேறினால் மின்தடை கூடும். 12 வோல்ட்டில் 60 வாட் விளக்கு 5 ஆம்பியர் இழுக்கிறது. இணைப்பில் 0.2 ஓம் தடை ஏறினாலே ஒரு வோல்ட் அங்கே தொலைகிறது. 5 வாட் வெப்பம் விரல்நுனி அளவான இடத்தில் தேங்குகிறது. வாடை அங்கிருந்துதான் வந்தது. யாரோ முன்பு சில வயர்களை வெறுமனே முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, பிசுபிசுத்து, புழுதியைச் சேர்த்து வைத்திருந்தது.

முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். எதையும் பிடுங்கும் முன் ஒவ்வொரு முனைக்கும் சீட்டுக் கட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். லூகாஸ் நிறமுறை தெரிந்தால் வேலை பாதி குறையும்: பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, இக்னிஷன் வழி வருவது வெள்ளை, முகப்பு விளக்குக்கு நீலம், எர்த்துக்குக் கறுப்பு. புது வயரையும் அதே நிறங்களில் தேடி வாங்கினோம். எல்லாவற்றுக்கும் சிவப்பு வயர் போட்டு முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்து அந்தக் காரைத் திறப்பவரின் பாடு அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

முனைகளை முறுக்காமல், அதற்குரிய இடுக்கியால் அழுத்திப் பிடித்தோம். ஈயப்பற்று வைத்தால் வலுவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பற்று முடியும் இடத்தில் வயர் விறைத்துப்போய், வண்டியின் அதிர்வில் அங்கேயே ஒடியக்கூடும் என்று பெரியவர் விளக்கினார். ஒவ்வொரு முனை மேலும் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டோம். செருகும் முன் முனையில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினோம். கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாதே என்று கேட்டதற்கு, இறுக்கமாகச் செருகும்போது உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் அது விலகிவிடும், சுற்றிலும் நின்று ஈரத்தைத் தடுக்கும் என்றார். முனை தளர்வாக இருந்தால் கிரீஸ் காப்பாற்றாது. குழலையே மாற்ற வேண்டும்.

எஞ்சின் பக்கமிருந்து வயர்கள் உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் நொறுங்கிப் போயிருந்தது. தகட்டின் விளிம்பு இன்சுலேஷனை அறுத்துக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து ரூபாய்ப் பொருள்தான், அதை மாற்றாவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீண். கனெக்டருக்கு முன்பாக வயரைச் சற்றுத் தொங்கலாக வளைத்து விட்டோம், வழிந்துவரும் மழைநீர் முனைக்குள் இறங்காமல் கீழே சொட்டிவிடும். எர்த் பிடிக்கும் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் முடுக்கி, மேலே வாசலின் பூசினோம். முகப்பு விளக்குக்கு ரிலேயும் ஃபியூஸும் சேர்த்ததால் பழைய சுவிட்சின் சுமை இறங்கிவிட்டது.

செலவு எட்டாயிரம் ரூபாய். கூட்டுச் சொத்தின் செலவையும் பங்கின் விகிதப்படியே ஏற்பது முறை என்பதால், எட்டில் ஒன்றான ஆயிரம் அம்மாவுக்கு. மீதி ஏழாயிரத்தில் ஆண் மக்களுக்குத் தலா 2,800, சகோதரிக்கு 1,400 என்று தாளில் எழுதினோம். அம்மாவின் பங்கைப் பிள்ளைகளே தந்துவிடலாம் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. “வண்டியில நானும் பங்குக்காரிதானே” என்று சொல்லி, முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து வைத்தார்.

இப்போது வாடை இல்லை. பௌர்ணமி கிரிவல நெரிசலில் செங்கம் சாலையில் நெடுநேரம் விளக்கெரிய நின்றபோதும் கனெக்டர்களைத் தொட்டுப் பார்த்தோம், சூடேறவில்லை. ஹார்ன் மட்டும் ஸ்டியரிங்கை இடப்புறம் முழுதாகத் திருப்பினால் ஒலிப்பதில்லை. ஐப்பசி மழைக்கு முன் பெரியவரை மறுபடி அழைக்க வேண்டும்.