சாரதிக்கும் நித்திரை வரும்

கடந்த மாதம் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஒரு கலியாணம். சாப்பாட்டு மேசையில் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் சுவிஸ் சாரதிகளில் வந்து நின்றது. கனடாவில் இருந்தும் கொழும்பில் இருந்தும் வந்திருந்த உறவினர்கள், கலியாணத்தோடு இடமும் பார்த்துப்போக வாகனத்தைச் சாரதியோடு நாள்வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். "நாளுக்கு ஆயிரம் பிராங்குக்கு மேல குடுக்கிறம். ஆனா அவன் சொல்லுற நேரத்துக்குத்தான் நாங்கள் வெளிக்கிடவேணும்" என்றார் ஒருவர். "ஊரில எண்டா வான்காரப் பெடியன் கைகட்டி நிப்பான்" என்றார் இன்னொருவர். மேசை முழுக்கத் தலையாட்டியது. நான் தலையாட்டவில்லை. அந்த இடத்திலேயே மறுத்துச் சொன்னேன். நாதஸ்வரச் சத்தத்தில் பாதி அமுங்கிப் போயிருக்கும். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் மிலான் பயணம். 16 இருக்கை வாகனம், நானும் கூடப் போயிருந்தேன். சாரதி கொசோவோவில் இருந்து போர்க்காலத்தில் இங்கு வந்து சேர்ந்தவர், எங்களைப்போலத்தான். காலையில் வெளிக்கிட்டு, மிலான் தேவாலயத்தையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்பினோம். கோடைகாலச் சனிக்கிழமை. கொத்தார்ட் சுரங்கத்தின் தெற்கு வாசலான ஐரோலோவில் வாகனங்கள் கிலோமீற்றர் கணக்கில் நின்றன. 1980 இல் திறந்த அந்தச் சுரங்கம் ஏறக்குறைய 17 கிலோமீற்றர் நீளம். போக ஒன்று, வர ஒன்று என இரண்டே தடங்கள். விளக்கு வைத்து அளவாகத்தான் வாகனங்களை உள்ளே விடுவார்கள். நெரிசலில் ஊர்ந்து, சுரங்கத்தைக் கடந்து, ஊரி மாநிலத்தில் இறங்கியதும் சாரதி நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வாகனத்தை நிற்பாட்டி இயந்திரத்தை அணைத்தார். "45 நிமிடம்" என்றார்.

சூரிச்சுக்கு இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம்தான். குழந்தைகள் சிணுங்கின. சித்தப்பா 50 பிராங் தாளை எடுத்து, "தம்பி, இதைக் குடுத்து ஓடச் சொல்லு" என்று என்னிடம் நீட்டினார். சாரதி தாளைப் பார்த்தார், கோபப்படவில்லை, தனக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். அதன் திரையில் ஒரு கட்டில் படம். பிறகு தன் பையில் இருந்து பாணையும் கோப்பிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் ஒரு வாங்கில் இருந்தார்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் டாக்கோகிராஃப். ஐரோப்பிய ஒன்றியத்திலும் சுவிசிலும் சாரதியையும் சேர்த்து ஒன்பது இருக்கைக்கு மேற்பட்ட வாடகை வாகனத்தில் அது இருக்கவேண்டும். முன்பு அதற்குள் கடதாசித் தட்டு சுழன்று கோடு கீறும். இப்போது சாரதியின் பெயரில் ஓர் அட்டை. அதைச் செருகியதும் அவருடைய நாள் பதியத் தொடங்கும். ஓடும்போது ஸ்ரேறிங் வளையம், பெட்டி ஏற்றுவது துப்புரவு செய்வது போன்ற வேறு வேலைக்குக் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல், ஓய்வுக்குக் கட்டில். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் ஓய்வு; விரும்பினால் 15, 30 எனப் பிரித்து எடுக்கலாம். ஒரு நாளில் ஓட்டம் 9 மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். 24 மணித்தியாலத்துக்குள் வழமையாக 11 மணித்தியாலம் தொடர்ச்சியான ஓய்வு. வழியில் பொலிஸ் மறித்தால் கேட்பது அந்த அட்டையைத்தான்.

இந்த நாட்டில் எனக்கு மலையும் ஏரியும் பழகிவிட்டன. நேரத்துக்கு வரும் ரயிலும் பழகிவிட்டது. இந்தப் பெட்டி மட்டும் பழகவில்லை. இன்றும் அதைப் பார்க்கும்போது மரியாதை வருகிறது. சட்டத்தின் உள்விவரங்கள் அந்த மரியாதையை இன்னும் கூட்டுகின்றன. சாரதி நேரத்தை மீறினால் நிறுவனமும் பொறுப்பு. வீதிப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில், ஓடிய தூரத்துக்கு ஏற்ப ஊக்கத்தொகை கொடுக்கக் கூடாது. 45 மணித்தியால வாராந்த ஓய்வை வாகனத்துக்குள் கழிக்கக் கூடாது, ஒழுங்கான தங்குமிடம் வேண்டும் என்று 2020 இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்திலேயே எழுதிவிட்டது. வாகனத்துக்குள் படுப்பது ஒரு மனிதனுக்குப் போதாது என்பதை அச்சிலேயே ஏற்றியிருக்கிறது. வான் சீற்றைச் சாய்த்துவிட்டு அதில் கால் நீட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்ச் சாரதிகளைக் கண்டு வளர்ந்த எனக்கு அந்த ஒரு விதி போதும், அந்தச் சட்டத்தை மதிப்பதற்கு.

சித்தப்பாவுக்கு அன்று புரியாதது இதுதான். ஒரு வாகனம் நிறைந்த ஆட்கள், கையில் காசு, எல்லாருக்கும் அவசரம். அவர்களுக்கு முன்னால் ஒரு கூலிக்காரர் தனியாக "மாட்டேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் தேவைப்படவில்லை. அடுத்த ஓட்டம் போய்விடுமோ, முதலாளி ஏசுவாரோ என்று யோசிக்கவும் தேவைப்படவில்லை. அவருக்குப் பதிலாகப் பெட்டி சொன்னது. எங்கள் ஊரில் "அண்ணை, நித்திரை வருது" என்று வாய்திறக்கும் சாரதி, அடுத்த சீசனுக்கு அந்தக் குடும்பத்தின் ஹயரை இழப்பார். அதனால் அவர் சொல்வதில்லை. பாட்டைக் கூட்டி வைப்பார், யன்னலைத் திறந்து முகத்தைக் காற்றில் பிடிப்பார், வெற்றிலை போடுவார். பின்சீற்றில் நாங்கள் தூங்குவோம்.

"அப்ப எங்கட பெடியளைப் பிடிச்சிருக்கலாம், பாதிக் காசு" என்றும் அந்த மேசையில் ஒரு யோசனை வந்தது. அதையும் விடமுடியாது. சுவிசில் காசுக்கு ஆள் ஏற்றுவதைத் தொழிலாகச் செய்ய, சாரதி அனுமதிப்பத்திரத்தில் 121 என்ற குறியீடு வேண்டும். 16 நாளுக்குள் இரண்டு தடவை இலாபத்துக்கு ஏற்றினாலே அது தொழில். எங்கள் பெடியள் பலரிடம் அந்தக் குறியீடு இல்லை. அதைவிட எனக்குப் பயம் வேறு. உணவகச் சமையலறையில் நள்ளிரவு வரை நின்றுவிட்டு, நாலு மணிக்கு எழும்பி, உறவினர்களை ஏற்றிக்கொண்டு பாரிஸ் போய் ஈபிள் கோபுரம் காட்டி அன்றிரவே திரும்பும் பிள்ளைகள் அவர்கள். ஊரின் பழக்கத்தை ஐரோப்பிய நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் பெட்டி இல்லை, "மாமா கேட்டவர்" என்ற கட்டுப்பாடு மட்டும் இருக்கிறது.

வாகனம் பிடிப்பதையே குறை சொல்லவில்லை. யுங்ஃபிராவ்யோக்குக்கு 1912 இல் இருந்து ரயில்தான். 3454 மீற்றர் உயரத்துக்கு எந்தச் சாரதியும் கொண்டுபோக முடியாது. செர்மாட்டுக்கும் தேஷில் வாகனத்தை விட்டு ரயில் ஏறத்தான் வேண்டும். ஆனாலும் முழங்கால் தேய்ந்த அம்மாமாரை வைத்துக்கொண்டு மூன்று இடத்தில் ரயில் மாறச் சொல்ல எனக்கும் மனம் வராது. கதவடியில் ஏற்றிக் கதவடியில் இறக்கும் ஒரு வாகனம் அவர்களுக்குத் தேவைதான்.

இனி ஊர்ச் சாரதியைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த மேசையில் அவரைப் புகழ்ந்தவர்கள் தவறான காரணத்துக்காகப் புகழ்ந்தார்கள். கைகட்டி நிற்பது அவருடைய சிறப்பே இல்லை. கட்டுநாயக்காவில் இருந்து யாழ்ப்பாணம் வரை ஏறக்குறைய 380 கிலோமீற்றரில் பெண்கள் நம்பி இறங்கக்கூடிய கழிப்பறை எங்கே, சீனி குறைச்ச தேத்தண்ணி எங்கே, எந்த வளைவில் மாடு படுத்திருக்கும் என்று அறிந்தவர். சுவிஸ் சாரதி கேட்டதற்குப் பதில் சொல்வார். வழிகாட்டி வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆள், வேறு கட்டணம். எங்கள் சாரதி வழிகாட்டி, மருத்துவமனை தேடுபவர், கோயிலில் செருப்புக்குக் காவல், படியேற முடியாத ஆச்சிக்குத் தோள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பாட்டாமல் ஏ9 வீதியில் போகமாட்டார். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கித் தந்து, இந்த மரத்தடியில் எந்த வருடம் என்ன நடந்தது என்று தாழ்ந்த குரலில் சொல்லுவார். அந்த வீதி பூட்டிக் கிடந்த காலத்தில் வெளிநாட்டில் இருந்த எனக்கு, இழந்த வருடங்களின் கதையை முதலில் சொன்னவர் ஒரு ஹயஸ் வான் சாரதிதான். சுவிற்சர்லாந்தின் எந்தச் சட்டமும் அப்படி ஒருவரைத் தராது.

அப்படிப்பட்டவரை நாங்கள் என்ன செய்கிறோம்? தம்புள்ளையில் சாப்பிட நிற்கும்போது அவர் பின்பக்கத்துக்குப் போகிறார். ஆள் கொண்டுவந்ததற்காகக் கடைக்காரர் கொடுக்கும் இலவசச் சோறு அங்கே. கொசோவோக்காரரும் அன்று தனியாகத்தான் இருந்து சாப்பிட்டார். அந்த 45 நிமிடம் அவருக்குச் சொந்தமானது, யாரோடு இருப்பது என்று அவர் தீர்மானித்தார். எங்கள் சாரதியின் தனிமேசையைத் தீர்மானிப்பது நாங்கள். எழும்பி வந்து சீற்றில் ஏறியதும் "எங்க தம்பி போனீர்?" என்று கேட்பதும் நாங்கள்தான். சிகிரியாவில் நாங்கள் ஏறி இறங்கும்வரை அவர் வெயிலில் காத்திருப்பதை வேலையாக யாரும் எண்ணுவதில்லை.

எல்லாவற்றிலும் கொடியது இரவு ஓட்டம். கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கிருந்து விமானம் வந்தாலும், ஆள் இறங்கிய கையோடு யாழ்ப்பாணம் வெளிக்கிடவேண்டும் என்ற ஒரு பிடிவாதம் எங்களுக்கு இருக்கிறது. ஓர் இரவு விடுதிக் காசு மிச்சம், விடிய அம்மாவின் முகத்தில் முழிக்கலாம். அந்த வானைக் கொண்டுவந்த பெடியன் அன்று பகல் முழுக்க யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடி வந்தவன். விமானம் பிந்தியிருந்தால் நிலையத்து வாசலில் நின்றபடியே காத்திருந்தவன். புத்தளம் கடந்து, அநுராதபுரம் கடந்து, வவுனியா வரும்போது விடியப் பார்க்கும். கண் தானாக மூடும் நேரம் அது. விமானநிலையத்தில் இருந்து திரும்பிய வான் மரத்தோடு மோதியது, நின்ற லொறியின் பின்னால் ஏறியது என்று வரும் செய்திகளைப் படித்துவிட்டு, "சாரதிக்கு நித்திரையாம்" என்று குற்றத்தை அவன் தலையில் வைத்து முடிக்கிறோம். அவனை நித்திரை கொள்ள விடாதவர்கள் யார் என்ற கேள்வி மரணவீட்டில்கூட எழுவதில்லை.

இது எங்கள் தீவுக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025 இல் நீக்கப்படும்வரை, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று எழுதி வைத்திருந்தது. ஆனால் ஐந்து தொழிலாளராவது உள்ள நிறுவனங்களுக்குத்தான் அது இருந்தது. ஒற்றைக் கார் வைத்து ஓடுபவர் அதற்குள் வரவில்லை. இராமேசுவரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போனால், பேட்டா என்ற நாள்படியை வாங்கிக்கொண்டு வாகனத்துக்குள்ளேயே சுருண்டு கிடப்பவர்களை வாகனத் தரிப்பிடம் முழுக்கக் காணலாம். 2023 இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகளில் விருந்தினரின் சாரதிகளுக்குப் படுக்கையும் கழிப்பறையும் இருக்கவேண்டும் என்று சேர்த்தது. அதைப் படித்த அன்று உண்மையிலேயே மகிழ்ந்தேன். கட்டில் படம் எங்கள் பக்கமும் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

கடைசியாக ஊருக்குப் போனபோது, நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கித்தான் போவேன் என்று வான் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "அண்ணை, அறைக் காசை அவனிட்ட குடுத்தா அவன் வானுக்கையே படுப்பான், அவனுக்கும் லாபம்" என்றார். நான் விடவில்லை. விடுதியில் சாரதிகளுக்கென்று இருந்த இடத்தைக் கேட்டுப் போய்ப் பார்த்தேன்: சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரை, மெத்தையில்லாத இரும்புக் கட்டில்கள், ஒரு மின்விசிறி. எங்கள் தளத்திலேயே இன்னோர் அறை எடுத்தேன். வரவேற்பில் நின்றவர் இரண்டு தடவை "சாரதிக்கா?" என்று கேட்டார். அந்தத் தம்பியும் கூச்சப்பட்டார். காலையில் ஆறரைக்கு முகம் வழித்து வந்து நின்றார்.

பகலில் போனதால், சிலாபத்தில் இறங்கி முன்னேசுவரத்தைக் கும்பிட முடிந்தது. பின்னேர வெயிலில் ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தோம். அம்மாவின் முகம் பன்னிரண்டு மணித்தியாலம் பிந்திக் கிடைத்தது. அம்மா அதற்காகக் கோபிக்கவில்லை, வான்காரத் தம்பிக்கும் சேர்த்துச் சோறு போட்டு வைத்திருந்தார்.

பெட்டி எங்கள் வான்களுக்கு எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை வான் முதலாளிமாரிடம் நான் கேட்பது ஒன்று. விலைச்சீட்டில் எரிபொருள், சாரதி கூலி என்று எழுதும் இடத்துக்குக் கீழே "சாரதி தங்கும் அறை" என்று ஒரு வரி அச்சடியுங்கள், வாடிக்கையாளர் வேண்டாம் என்று வெட்டமுடியாதபடி. இரவில் வந்து இறங்குபவர்களுக்கு ஒன்றில் அந்த வரி, இல்லையென்றால் இரண்டாவது சாரதி. போட்டிக்கு வேறு முதலாளி மலிவாக ஓடுவார் என்பார்கள். அதனால் யாழ்ப்பாணத்து வான் சங்கங்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த வரியைப் போடவேண்டும். விமானச் சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் பிராங் கொடுத்து வருகிற நாங்கள் அந்த ஒரு வரிக்குப் பேரம் பேசினால், எங்களை ஏற்றாமல் விடுங்கள். சித்தப்பா அடுத்த ஆவணியில் நல்லூருக்குப் போக வான் கேட்டிருக்கிறார். ஒழுங்குசெய்வது நான். அறை போட்டாயிற்று.