ஜாவாவின் அழைப்புக்குக் கோபோலின் பதில்

பழைய கோபோல் நிரலை எறிந்துவிட்டு ஜாவாவில் புதிதாக எழுதிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு, வட்டிக் கணக்குப் போடும் நிரல் ஒன்றைக் காட்ட நினைப்பேன். ஒரு வரியில் ‘ரவுண்டட்’ என்று இருக்கும். அடுத்த வரியில் இருக்காது. இருக்கும் இடத்தில் விடை பக்கத்துப் பைசாவுக்கு முழுமையாகும். இல்லாத இடத்தில் மிஞ்சிய இலக்கங்களைக் கோபோல் வெட்டிவிடும். யாரோ யோசித்து எடுத்த முடிவு அது. அவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், ஆவணமும் தொலைந்திருக்கும். முடிவு மட்டும் நிரலில் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு ஜாவாவிலிருந்து அழைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அதற்கான சூழலை லினக்ஸில் அமைப்பது பெரிய வித்தையல்ல. குனு கோபோல், நிரலை முதலில் சி மொழிக்கு மாற்றி, சி கம்பைலரிடம் கொடுத்துப் பகிர்வு நூலகமாக்கித் தருகிறது. பிற மொழி நிரல்களை அழைக்க ஜாவா தரும் ஜேஎன்ஐ வழியாக, நடுவே சிறிய சி நிரல் ஒன்றை வைத்து ஜாவா அதை அழைக்கும். அந்த நடு நிரல் முதல் வேலையாகக் கோபோல் ரன்டைமைத் துவக்க வேண்டும். நூலகம் இருக்கும் பாதையை ஜாவாவுக்கும் சொல்ல வேண்டும், கோபோலுக்கும் தனியே சொல்ல வேண்டும். ஜாவா, நூலகம் இரண்டில் ஒன்று 32 பிட், மற்றது 64 பிட் என்றால் நூலகம் ஏறவே ஏறாது.

பாதைகள் சரியான பிறகுதான் உண்மையான வேலை: தரவைச் சரியாகக் கைமாற்றுவது. ஏழு இலக்க ரூபாயையும் இரண்டு இலக்கப் பைசாவையும் கூட்டல் கழித்தல் குறியோடு சேர்த்து, கோபோலின் காம்ப்-3 என்ற எண் வடிவம் 5 பைட்டில் அடக்கிவிடுகிறது. பைட்டுக்கு இரண்டு இலக்கம். குறி கடைசி அரை பைட்டில். தசமப் புள்ளி சேமிக்கப்படுவதே இல்லை. அதன் இடம் அறிவிப்பு வரியில் மட்டும்தான் உண்டு. என்ன அழகான சிக்கனம்! இதை ஜாவாவின் டபுளில் வாங்கக் கூடாது, 0.1ஐக்கூட அது துல்லியமாக வைத்துக்கொள்ளாது. தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் பிக்டெசிமல்தான் வேண்டும்.

பெயர்களிலும் கவனம் தேவை. 30 எழுத்துக்கு என்று கோபோலில் ஒதுக்கிய இடம் உண்மையில் 30 பைட். யூடிஎஃப்-8இல் மீனாட்சிசுந்தரம் 48 பைட் பிடிக்கும். அப்படியே அனுப்பினால் ‘மீனாட்சிசு’ என்று நின்றுவிடும். ஒருவருடைய பெயரை இப்படி அறுப்பதை என்னால் ஏற்க முடியாது.

‘ஸ்டாப் ரன்’ என்று முடியும் நிரலையும் தேடிப் பிடிக்க வேண்டும். தனியாக ஓடியபோது அது சரியான முடிவு. ஜாவா அழைத்தால் ஜாவாவையும் சேர்த்தே நிறுத்திவிடும். அங்கே, அழைத்தவரிடமே திரும்பும் ‘கோபேக்’ வேண்டும். போதாததற்கு, கோபோல் நிரலின் வொர்க்கிங் ஸ்டோரேஜ் பகுதியில் இருக்கும் மதிப்புகள் ஓர் அழைப்பு முடிந்தாலும் அழியாமல் அடுத்த அழைப்புவரை தங்கும். ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்கள் உள்ளே நுழைந்தால், ஒருவர் கணக்கில் இன்னொருவர் தொகை கலந்துவிடலாம். வரிசையில் ஒன்றொன்றாக விடுவதே பாதுகாப்பு. வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

இத்தனைக்கும் பிறகு, ஒரே உள்ளீட்டைக் கோபோலில் நேராக ஒருமுறையும் ஜாவா வழியே ஒருமுறையும் ஓட்டி, விடைகளைப் பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். கழித்தல் தொகைகளையும் பூஜ்யத்தையும் முதலில் கொடுத்துப் பாருங்கள்.