ஒரு ஜீப்பின் பின்மூடி

நோன்புப் பெருநாள் கழிந்த ஷவ்வால் மாதத்தில் மீஞ்சூர் வட்டாரத்தில் திருமணங்கள் நெருக்கமாக அமைவது வழக்கம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அத்தகைய திருமணம் ஒன்றிற்குப் பழவேற்காடு செல்ல வேண்டியிருந்தது. நம்மிடம் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை வைத்திருக்கிறார். அதன் பின்னால் இரு சக்கர டிரெய்லரில் டீசல் ஜெனரேட்டரை ஏற்றி இழுத்துச் சென்று, கலியாண வீடுகளுக்கும் விழாக்களுக்கும் வாடகைக்கு விடுவது அவருடைய பிழைப்பு. "ஹஜ்ரத், பஸ்ஸில் ஏன் அலைகிறீர்கள்? நானும் அங்கேதான் போகிறேன்" என்று அழைத்தார். ஏறிக்கொண்டோம்.

பொன்னேரியைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றதும் வண்டியின் பின்புறத்தில் முனகல் போன்ற ஓசை எழுந்தது. அதைத் தொடர்ந்து கருகிய எண்ணெயின் நாற்றம். இறங்கிப் பார்த்தபோது, பின்னச்சின் நடுவே குடம்போல் புடைத்திருக்கும் பகுதியைச் சுற்றி எண்ணெய் கசிந்து, புழுதியோடு கலந்து கருஞ்சேறாக அப்பியிருந்தது. அவசரத்தில் அவர் அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்ற, சுர்ரென்று ஆவி பறந்தது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, நடைவேகத்தில் ஓட்டிச் சென்று சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்துவிட்டிருந்தது. அன்று மாலை மின்சாரமும் நின்றுபோனதால், கைவிளக்குகளைப் பிடித்துக்கொண்டுதான் பதிவேட்டில் கையொப்பம் வாங்கினார்களாம். பெண்ணின் தந்தை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே நம் மாணவரை மிகவும் வாட்டியது. வாடகை வாங்காமல் திரும்பினார்.

ஒரு வாரம் சென்று, மகரிபுக்குப் பிறகு அவர் நம் வீட்டிற்கு வந்தார். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பின்னச்சின் பழைய தகட்டு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்துவதற்கென்று வார்க்கப்பட்ட அலுமினிய மூடி. மேலெல்லாம் மீனின் செதில்போல் வரிவரியான பட்டைகள். அமெரிக்காவில் பாரமான டிரெய்லர் இழுப்போர் இதனைப் பூட்டிக்கொள்கிறார்களாம். எண்ணெய் அதிகம் கொள்ளும், சூடு குறையும் என்பது விற்போர் கூற்று. வளைகுடாவில் இருக்கும் நண்பர் வாங்கி அனுப்பச் சித்தமாக இருக்கிறார்; வந்து சேரும்போது 25,000 ரூபாய் ஆகும் என்றார்.

அவர் நம்மிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய தாயார் விதவை. இடியாப்பம் விற்றுச் சேர்க்கும் பணத்தை, மகளின் திருமணத்திற்கென்று பல ஆண்டுகளாக நம்மிடம் அமானிதமாகத் தந்து வருகிறார். "அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள் ஹஜ்ரத். ஆறே மாதத்தில் திருப்பி வைத்துவிடுகிறேன். நீங்கள் சொன்னால் அம்மா மறுக்க மாட்டார்கள்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாம் இசைந்துவிட்டோம். மறுநாள் காலை தாயாரிடம் பேசுவதாக வாக்கும் கொடுத்துவிட்டோம். அவர் காட்டிய காணொளி நம்மை மயக்கிவிட்டது. அதில் ஒருவர் துப்பாக்கி போன்ற வெப்பமானியைப் பழைய மூடியின்மேல் நீட்டுகிறார். எண் மிகுந்து காட்டுகிறது. புதிய மூடியின்மேல் நீட்டுகிறார், எண் குறைந்துவிடுகிறது. கண்ணால் கண்ட பிறகு வேறென்ன சான்று வேண்டும் என்று எண்ணினோம்.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. 'ஹீலா' என்றொரு சொல் நினைவில் வந்து நின்றது. மதரஸாவில் இச்சொல்லை நாம் பிக்ஹு நூல்களில் கற்றோம். சட்டத்தின் சொல்லை மீறாமல் அதன் கருத்தை மட்டும் கடந்துபோவதற்குச் செய்யும் உபாயம் என்று ஆசிரியர் விளக்கி, முகம் சுளித்தது இன்னும் நினைவிருக்கிறது. அதன் பன்மையாகிய 'ஹியல்' என்பதே பொறியியற் கருவிகளுக்கும் பெயர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் பனூ மூசா சகோதரர்கள் எழுதிய நூல் அப்பெயர் பெற்றது. 1206ஆம் ஆண்டளவில் தியார்பக்கிர் நகரில் அல்ஜஸரி என்னும் கலைஞர் நீர்க்கடிகாரங்களையும் நீரிறைக்கும் பொறிகளையும் படத்துடன் விளக்கிய நூலின் தலைப்பிலும் அது உண்டு. ஒரே சொல், ஒரு பக்கம் பொறி, மறுபக்கம் தந்திரம். அந்த அலுமினிய மூடி இவ்விரண்டில் எது என்று அறியாமல் ஒரு விதவையின் பணத்தில் நாம் எப்படிக் கை வைப்பது?

மறுநாள் தாயாரிடம் செல்லவில்லை. மாணவரை அழைத்துக்கொண்டு அத்திப்பட்டுச் சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனோம். எண்ணூர்த் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பழுது பார்ப்பவர். காமராசர் துறைமுகம் 2001இல் திறக்கப்படுவதற்கு முன்பிருந்தே அந்தச் சாலையில் இருப்பவர். படத்தைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம லாரிங்கள்ல இந்தப் பேச்சே கிடையாது பாய். பின்பக்க மூடி ஹவுசிங்கோட சேர்த்தே வெல்டிங் பண்ணியிருக்கும். கிரௌன் பினியனை முன்பக்கமாத்தான் இறக்கணும். ஜீப்புக்குத்தான் கழட்டுற மூடி. மூடி வாங்குறது இருக்கட்டும், இருக்கிற மூடியைக் கழட்டிப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. நமக்கோ, வண்டியின் உரிமையாளருக்கோ அது தோன்றவே இல்லை.

அந்தக் கூட்டுக்குள் நடப்பது என்ன என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைப் பினியன் என்னும் சிறு பல்சக்கரம் வாங்கி, கிரௌன் என்னும் பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்க, அது குறுக்குவாக்கில் சக்கரங்களைச் சுழற்றுகிறது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருப்பதால், அந்த வேற்றுமைக்கு இடங்கொடுக்கும் நான்கு சிறு பற்சக்கரங்கள் நடுவில் உள்ளன. டிபரென்ஷியல் என்ற பெயர் அதனால் வந்தது. 1828இல் இந்த அமைப்பை வண்டிக்கென்று காப்புரிமை பெற்றவர் பிரான்சு நாட்டுக் கடிகாரக் கலைஞர் பெக்கர் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். கடிகாரக்காரர்களுக்கும் பற்சக்கரங்களுக்கும் அல்ஜஸரி காலந்தொட்டு உள்ள உறவு அது.

கிரௌன், பினியன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் சறுக்கவும் செய்கின்றன. சறுக்கல்தான் சூடு. 50 குதிரைச் சக்தி அந்த வழியே செல்லும்போது நூற்றுக்கு 4 பங்கு உராய்வில் போனாலும், அது ஒன்றரைக் கிலோவாட். ஓர் இஸ்திரிப் பெட்டியைவிட மிகுந்த சூட்டை அந்தச் சிறு கூடு இடைவிடாமல் வெளியேற்ற வேண்டும். பாரம் இழுத்தால் மேலும் கூடும். எண்ணெயின் சூடு ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. எண்ணெய் நீர்த்துப்போனால் பற்களுக்கிடையே உள்ள படலம் அறுகிறது, ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கின்றன, கசிவு தொடங்குகிறது, குறைந்த எண்ணெய் இன்னும் விரைவில் சூடாகிறது.

பெரியவர் பத்துப் போல்ட்டுகளையும் தளர்த்தி மூடியை நெம்பினார். தட்டில் வழிந்ததைக் கண்டு திகைத்தோம். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய், ஆடை படிந்த பால் தேநீர்போல் வெளுத்துத் திரண்டிருந்தது. "தண்ணி" என்றார் பெரியவர். "டிசம்பர் மழையில வண்டி எங்கே நின்னுச்சு?"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது, ஜெனரேட்டரைக் காப்பாற்றுவதற்காக இடுப்பளவு நீரில் அந்த ஜீப்பை அவர் ஓட்டியிருக்கிறார். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் முழுகினால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி வெளியிலிருந்து எதையேனும் உறிஞ்சும். பிரீத்தர் என்னும் மூச்சுக்குழல் சரியாக இருந்தால் அவ்வழியே காற்று வரும். அதுவும் நீரில் முழுகியிருந்தால் நீர்தான் வரும். நீர் வடிந்த பிறகு, இந்த வட்டாரத்துச் சாம்பலும் நிலக்கரித் தூளும் கலந்த சேறு அந்தக் குழலுக்குள் காய்ந்து அடைத்துக்கொண்டது. பிறகு சூடேறியபோதெல்லாம் விரியும் காற்றுக்கு வழியில்லாமல், சீலின் வழியே எண்ணெயை வெளியே தள்ளியிருக்கிறது. ஐந்து மாதம் மழைநீர் கலந்த எண்ணெயில் ஜெனரேட்டரை இழுத்திருக்கிறார். பினியன் பேரிங்கில் அம்மைத் தழும்புபோல் குழிகள். கிரௌன் தப்பியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அப்படியானால் அலுமினிய மூடி வெறும் ஏமாற்றா? பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. அலுமினியம் இரும்பைவிடச் சூட்டை நன்றாகக் கடத்துவது மெய். பட்டைகள் காற்றுப்படும் பரப்பைக் கூட்டுவதும் மெய். ஆனால் நம் சாலைச் சேறு அந்தப் பட்டைகளுக்கிடையே அப்பிக்கொண்டால் அது கம்பளிப் போர்வை. எண்ணெய் அதிகம் கொள்வதால் சூடேறத் தாமதமாகுமே தவிர, நெடுந்தூர ஓட்டத்தில் ஏற வேண்டிய சூடு ஏறியே தீரும். பழைய தகட்டு மூடியின் வளைவுக்கும் பொருள் உண்டு. கிரௌன் வாரி இறைக்கும் எண்ணெய் அந்த வளைவைத் தழுவித்தான் பினியனை நோக்கித் திரும்புகிறது. உட்புறம் தட்டையான மூடியில் அது மோதிச் சிதறும். எண்ணெயை வடிக்கும் திருகு இருப்பதொன்றே அந்தப் புது மூடியில் தமக்குப் பிடித்தது என்றார். அந்த ஒன்றைப் பழைய மூடியிலேயே பற்றவைத்தும் கொடுத்தார்.

காணொளியின் மர்மமும் பட்டறையிலேயே அவிழ்ந்தது. கொரோனா காலத்தில் மதரஸாவுக்கு வாங்கிய நெற்றி வெப்பமானியை நாம் கையோடு கொண்டுபோயிருந்தோம். மனித உடம்புக்கு மேற்பட்ட சூட்டை அது அளக்காது என்பதை அறியாத நம் பேதைமை அது. பெரியவரின் மகன் தொழிற்சாலை வெப்பமானி ஒன்றை எடுத்துவந்து, கொதிக்கும் தேநீர் இருந்த பளபளப்பான அலுமினியப் பாத்திரத்தின்மேல் நீட்டினார். எண் மிகக் குறைவாகவே காட்டியது. அதே பாத்திரத்தின் கரிபிடித்த அடிப்பக்கத்தில் நீட்டியதும் எண் தாவி ஏறியது. மெருகிட்ட உலோகம் தன் சூட்டைக் கதிராக அதிகம் வெளிவிடாது. ஆகவே அந்தக் கருவி அதன் முன் ஏமாறும். புது மூடியின் குளிர்ச்சியில் ஒரு பங்கேனும் அதன் பளபளப்பாக இருந்திருக்கலாம்.

பேரிங், சீல்கள், 90ஆம் எண் கியர் எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து 8,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. மூச்சுக்குழலுக்கு ஒரு ரப்பர்க் குழாயை இணைத்து, ஓட்டுநர் இருக்கையின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினார்கள். பணத்தை மூன்று தவணையாகத் தம் வருமானத்திலிருந்தே மாணவர் கொடுத்து முடித்தார்.

துல்ஹஜ் மாதம் பழவேற்காட்டிலேயே இன்னொரு கலியாணம். முந்தைய மணவீட்டாரே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜெனரேட்டரை இழுத்துச் சென்று நிறுத்தியதும், கறுப்பு வண்ணம் பூசிய பழைய மூடியின்மேல் அந்த வெப்பமானியை நீட்டினோம். 81 பாகை. மாணவர் இரண்டு முறை அளந்து பார்த்துக்கொண்டார்.

தாயாரிடம் இவை எதையும் நாம் சொல்லவில்லை. வழக்கம்போல் வெள்ளிக்கிழமை காலை வந்து, முந்தானையில் முடிந்த நோட்டுகளை அவிழ்த்துக் கொடுத்து, குறிப்பேட்டில் எழுதுகிறோமா என்று கண்ணை விலக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். அலுமினிய மூடியின் படம் மட்டும் இன்னும் மாணவரின் கைபேசியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு வாங்கலாமா ஹஜ்ரத் என்று அவ்வப்போது கேட்கிறார்.