உரையாணியும் ஒளிமானியும்

நற்குணம் வாய்ந்த ஒருவரைப் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று போற்றுகின்றோம். அந்த மாற்றினைக் கண்டறிந்த முறையை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பொற்கொல்லர் நகையை உரைகல்லில் உரைத்து, அந்தக் கீற்றை மட்டும் நோக்கி மாற்று உரைப்பதில்லை. மாற்று முன்னரே தெரிந்த உரையாணிகளையும் அதனருகே உரைப்பார். எந்த ஆணியின் நிறத்தோடு நகையின் நிறம் ஒத்திருக்கின்றது என்று கண்ட பின்னரே வாய் திறப்பார். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளக்கும் இந்நெறியே இன்றைய கருவிவழி வேதியியல் பகுப்பாய்வுக்கும் அடித்தளமாகும்.

நாம் வேதியியல் கற்றவர் அல்லோம். கலைப்பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிப்பவர். நாம் குடியிருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியோ, கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில் 1970களின் இறுதியில் கியோனிக்ஸ் நிறுவனம் தோற்றுவித்த தொழில் நகரம். இங்கே எதற்கும் ஒரு பெட்டி உண்டு, பெட்டியின் முகப்பில் ஓர் எண் ஒளிரும், அவ்வெண்ணே வேதவாக்கு. அது எவ்வாறு பிறந்தது என்று கேட்பார் அரியர்.

அவ்வாறு கேட்கும் வழக்கத்தை நம் இல்லத்திற்குக் கொணர்ந்தவள் நம் தமக்கை மகள். மைசூரில் 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இன்று வட்டாரக் கல்வியியல் நிறுவனம் என்று வழங்கும் கல்விக்கூடத்தில் வேதியியலும் ஆசிரியப் பயிற்சியும் இணைந்த ஆறாண்டு எம்.எஸ்சி.எட். படிப்பை முடித்தவள். விடுமுறைக்கு வந்திருந்தபோது அவள் கூறிய ஒரு சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது. “மாமா, ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவருக்குச் சரியான விடை போதும். அது ஏன் சரி என்று சொல்லத் தெரிந்தால்தான் நான் ஆசிரியை.”

அதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வண்ணக் கரைசல் ஒன்றின் ஊடே ஒளியைச் செலுத்தினால் ஒரு பகுதி உறிஞ்சப்படும், எஞ்சியது வெளிவரும். கரைசலில் பத்தில் ஒரு பங்கு ஒளி வெளிவருவதாகக் கொள்வோம். கரைசலின் செறிவை இருமடங்காக்கினால் இருபதில் ஒரு பங்கு வெளிவரும் என்றே பலரும் கூறுவர். உண்மையில் வெளிவருவது நூறில் ஒரு பங்கு! 1729-இல் பூகேயும், 1760-இல் லாம்பெர்ட்டும், 1852-இல் பீரும் படிப்படியாகத் தெளிவுறுத்திய விதி இது. அதனாலேயே ஒளிமானிகள் மடக்கைக் கணக்கின் வழியே உறிஞ்சளவைக் காட்டுகின்றன. செறிவு இருமடங்கானால் அவ்வளவும் இருமடங்காகும், வரைபடம் நேர்கோடாகும்.

விலையுயர்ந்த ஒளிமானியைக் காட்டி, பொத்தானை அழுத்தி, இந்தக் கோட்டை அச்சிட்டுக் கொடுத்தால் பாடம் முடிந்ததா? அவ்விடுமுறையிலேயே அவள் வேறொரு வழி காட்டினாள். பெங்களூரின் எஸ்.பி. சாலையில் பச்சை எல்.இ.டி. விளக்கு ஒன்றும் ஒளி டயோடு ஒன்றும் வாங்கினோம். வீட்டிலிருந்த மல்டிமீட்டரும் ஒரு கண்ணாடிக் குப்பியும் கறுப்பு அட்டைப் பெட்டியும் உடன் சேர்ந்தன. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் பச்சை ஒளியை உறிஞ்சுவதாலேயே ஊதாவாகத் தோன்றுகின்றது. பச்சை விளக்கைத் தேர்ந்ததன் காரணம் அதுவே. செறிவு தெரிந்த ஐந்து கரைசல்களை அளந்து கோடு வரைந்தோம். முதல் மூன்று புள்ளிகள் நேராக நின்றன. மற்ற இரண்டும் தாழ்ந்து வளைந்தன. கரைசலில் குறையோ? விதியில் குறையோ? நெடுநேரம் ஆராய்ந்தபின், பெட்டி மூடியின் இடுக்கு வழியே அறை வெளிச்சம் உட்புகுவது தெரிந்தது. அடர்ந்த கரைசலில் வெளிவரும் ஒளி மிகச் சிறிதாகையால், புகுந்த சிறு வெளிச்சமும் அளவைக் கெடுத்துவிடுகின்றது. இடுக்கை அடைத்தோம்; கோடு நிமிர்ந்தது. முத்திரையிட்ட பெட்டிக்குள் மறைந்திருக்கும் பாடத்தை ஓட்டைப் பெட்டி கற்பித்தது எனின் மிகையன்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. நம் நகருக்குத் தெற்கே, ஒசூரைக் கடந்தால் விரியும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல தலைமுறைகளின் பற்களையும் எலும்புகளையும் பழுதாக்கியிருக்கின்றது. அதற்கு மாற்றாகவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயற்பாட்டுக்கு வந்தது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிட்டாவிடத்து 1.5 வரை பொறுக்கலாம். அதனை அளக்க 1966-இல் அறிமுகமான லாந்தனம் ஃபுளோரைடு படிக மின்வாய் உதவுகின்றது. ஆயின் நீரில் அலுமினியமோ இரும்போ இருப்பின் அவை ஃபுளோரைடைப் பற்றிக்கொள்ளும்; மின்வாய்க்குத் தனித்து நிற்பது மட்டுமே தெரியும். உரிய தாங்கற் கரைசலைச் சேர்த்து அதனை விடுவித்தல் வேண்டும். அது சேர்க்கப்படாவிடில் கருவி குறைந்த எண்ணைக் காட்டக்கூடும். தீய நீர் நல்ல நீரென்று பெயர் பெறும். கருவி பழுதன்று, அதனிடம் கேட்ட முறையே பழுது. விலை கொடுப்பதோ ஊர்க் குழந்தைகள்!

நம் அலுவலகத்திலும் கணிப்பொறி கூட்டுத்தொகையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தருகின்றது. ஆயினும் தணிக்கையர் கேட்பது கூட்டுத்தொகையை அன்று. அதற்கு ஆதாரமான பற்றுச்சீட்டுகளையே. வேதியியல் ஆசிரியராகப் போகின்றவர்க்கும் அந்தத் தணிக்கைக் கண் வேண்டும். பொருள் சேர்க்காத வெற்றுக் கரைசல் என்ன காட்டியது? செறிவு தெரிந்த கரைசல்கள் எங்கே? கோடு எங்கே வளைந்தது? இம்மூன்றையும் கேட்கப் பழகிய ஓர் ஆசிரியர், ஆண்டுதோறும் நூறு மாணவரைப் பழக்குவார். யார் வாய்க் கேட்பினும் மெய்யை ஆராய்க என்ற வள்ளுவர் நெறி, எந்திரத்தின் வாய்க்கும் பொருந்தும் அன்றோ?

ஆதலின் ஆசிரியப் பயிற்சிக் கூடங்களில் பெரிய கருவிகள் இருக்கட்டும். அவற்றருகே திறந்து பார்க்கத்தக்க ஓர் எளிய பெட்டியும் இருக்கட்டும். உரையாணி இல்லாத பொற்கொல்லரிடம் நாம் நகையைக் கொடுப்பதில்லை. நம் பிள்ளைகளை ஒப்படைக்கும் ஆசிரியர் கையிலும் அந்த உரையாணி இருத்தல் வேண்டும்.