உக்குவளையில் கண்ட உண்மை

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதப் பாதை 1880-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. மலைச்சரிவுகளையும் தோட்டங்களையும் கடந்து வரும் அப்பாதை மாத்தளை நகரோடு முடிந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன், மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் தேர் காணக் குடும்பத்தோடு புறப்பட்ட நாம், உறவினரைக் கண்டு செல்லும் பொருட்டு உக்குவளையில் இறங்கினோம்.

நிலையத்துக்கு அப்பால் பாதைத் தொழிலாளர் சிலர் சிலிப்பர்க் கட்டைகளைச் சுத்தியலால் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தனர். உறுதியான கட்டை கணீரென்றது; மழையில் உளுத்தது மந்தமாக ஒலித்தது. அடுத்தடுத்திருந்த இரு கட்டைகளை முதலில் மாற்ற முனைந்தனர். சற்றுத் தள்ளி மற்றொன்றும் உளுத்திருந்ததைச் சுட்டி, “அதை முதலில் மாற்றலாகாதா?” என வினவினோம்.

“அது தனியாகக் கெட்டது, ஐயா. இரு பக்கமும் உள்ளவை இன்றைக்குத் தாங்கும். சேர்ந்தாற்போல் இரண்டு போனால்தான் ஆபத்து” என்றார் முதியவர் ஒருவர்.

அவர் சொன்னது பொறியியல் நூல்கள் கூறும் உண்மையே. தண்டவாளம் வளைந்து நிமிரும் ஓர் உருக்கு உத்தரம். சக்கரத்தின் சுமையை ஒரே கட்டை ஏற்பதில்லை, அயலிலுள்ளவையும் பங்கிட்டுக்கொள்கின்றன. நிலம் எவ்வளவு அமிழ்கிறதோ அவ்வளவுக்கு எதிர்த்துத் தாங்கும் என்று கொண்டு இதனைக் கணிக்க, ஜெர்மானிய அறிஞர் வின்க்ளர் 1867-இல் வழிகாட்டினார்.

ஒரு கட்டை நொந்தால் அதன் பங்கு அயற்கட்டைகள்மீது ஏறும். மிகுந்த சுமையால் அவற்றின் கீழுள்ள சல்லி நொறுங்கி அமிழும். பின்னர் அவையும் தளர, பாரம் அடுத்தவற்றைச் சேரும். இவ்வாறு கேடு நோய்போற் பரவுகிறது. இரு முனையில் மட்டும் தாங்கப்பட்ட உத்தரத்தின் நீளம் இரட்டித்தால், நடுவில் வைத்த அதே சுமைக்கு அது 8 மடங்கு வளையும். மும்மடங்கானால் 27 மடங்கு. தண்டவாளத்தில் பல கட்டைகள் பங்குகொள்வதால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. எனினும், அடுத்தடுத்து இரண்டு கெடுவதை முதியவர் அஞ்சியதன் காரணம் இதனால் விளங்கும்.

மாணவர்களே, இதில் வியப்பு யாதெனில், அயற்கட்டைகள் தாங்கும்வரை மேலே குறை எதுவும் தோன்றாது. வண்டி வழக்கம்போல் ஓடும். ஆதலால் கண்ணை மட்டும் நம்பாது, காதையும் கொடுத்துச் சோதிக்கின்றனர்.

தேர் கண்டு மறுநாள் திரும்புகையில், அவ்விடத்தில் எம் சிறுவர்கள் சன்னலருகே எழுந்து நின்றனர். பழங்கட்டைகளிடையே இரண்டு புதுக்கட்டைகள் நிறம் வேறாகத் தெரிந்தன. தனியாய்க் கெட்டிருந்த அந்த மூன்றாவதும் மாற்றப்பட்டிருந்தது. வண்டி எவ்வித அதிர்ச்சியுமின்றி அதனைக் கடந்து சென்றது.